ஏழாம் நம்பர் மேசை

“வேற மேசை போட்டுத் தர்றேன் ஸார். தப்பு எங்க பேர்லதான். எதிர் டீம் ஆளை உங்க முன்னாடி உட்கார வெச்சிருக்கக் கூடாது” என்றாள் ஹெதர், குரலைத் தாழ்த்தி.

ஹார்விக் ரோவர்ஸ் மைதானத்தில் புதிதாகத் திறந்திருந்த தேநீர்க் கூடத்தில் பரிமாறும் வேலை அவளுக்கு. கண்ணாடி ஜன்னலை ஒட்டிய ஏழாம் நம்பர் மேசையில் சிவப்பு மஃப்ளர் சுற்றிய ஒரு மனிதர். பட்டியலில் கிளைவ் ஆர்மராட் என்று இருந்தது. எதிரே பச்சை மஃப்ளரில் ஓர் அம்மாள், பவுலின் டக்கெட். பச்சை என்றால் ஸ்கெல்பி டவுன். பதினோரு மைல் தூரத்து ஊர். இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது.

“வேணாம் கண்ணு. நான் இங்கேயே இருக்கேன்” என்றார் கிளைவ்.

“நானும்தான்” என்றார் பவுலின்.

ஹெதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில்தான் மேனேஜர் சொல்லியிருந்தார்: “மேட்ச்ல டீயும் கேக்குமான்னு ஏற்கெனவே ரசிகர்கள் நம்மளைக் கிழிக்கறாங்க. உள்ளே சண்டை கிண்டை வந்துதோ, கூடத்தை மூடிட்டு நாம வீட்டுக்குப் போகலாம்.”

மூன்றடுக்குத் தட்டு வந்தது. கிளைவ் ஒரு சாண்ட்விச்சை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“ஓரத்தையெல்லாம் யாரு கடிச்சது?”

“அப்படித்தான் வெட்டுவோம் ஸார். வெள்ளரிக்காய் சாண்ட்விச்.”

“ஃபுட்பால் பார்க்க வந்தவனுக்கு வெள்ளரிக்காயா? சூடா ஒரு கறி அடைச்ச மீட் பை, கையெல்லாம் வழியற குழம்பு... அதில்ல மேட்ச்!”

“ஹார்விக் ஆடற ஆட்டத்துக்கு வெள்ளரிக்காயே ஜாஸ்தி” என்றார் பவுலின், தட்டைப் பார்த்தபடியே.

போச்சு என்று நினைத்தாள் ஹெதர். ஆனால் கிளைவ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பவுலின் கெட்டிலைத் தூக்கினார்.

“டீ விடட்டுமா?”

“தாராளமா.”

ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளைவ் கெட்டிலை வாங்கி அந்த அம்மாளின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார். “நீங்களும் குடிங்க. வெளியே குளிரு.”

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வெளியே ஸ்டாண்டில் கிளைவின் கூட்டாளிகள் நாலு பேர்.

“டேய் கிளைவ்! சுண்டு விரலைத் தூக்கிப் பிடிடா! பிரபு வந்திருக்காருடோய்!”

அதோடு விடவில்லை. ‘ஜாம் வேணுமா, கிரீம் வேணுமா, துரைக்கு என்ன வேணும்?’ என்று பாட்டே கட்டிவிட்டார்கள். ஸ்டாண்ட் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. முப்பத்திரண்டு வருடம் அவர்களோடு நின்று கத்திய மனிதர். காது மடல் சிவந்துபோயிற்று. தட்டிலிருந்த ஸ்கோன் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

இருபதாவது நிமிடம் ஹார்விக் கோல் போட்டது. கூடமே எழுந்து குதித்தது. கிளைவ் மட்டும் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கத்தினார்.

“கால் வலியா ஸார்?” என்றாள் ஹெதர்.

“அதெல்லாம் இல்ல. நீ போ கண்ணு.”

இடைவேளையில் எல்லோரும் கழிவறைக்குப் போய் வந்தார்கள். ஏழாம் நம்பர் மேசை அசையவில்லை.

“இன்னொரு கெட்டில் கொண்டா செல்லம். இவருக்கு ரொம்பத் தாகம்” என்றார் பவுலின்.

கிளைவ் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டார். “இவங்களுக்கும் சேர்த்துப் பெரிய கெட்டிலா கொண்டா.”

சமையலறையில் ஹெதர் ஆச்சரியப்பட்டுப் போனாள். “வெளியே பாடறவங்க இவங்களை வந்து பார்க்கணும். வேற வேற டீம், ஆனா என்ன உபசாரம், என்ன மரியாதை!”

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஸ்கெல்பி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. பவுலின் உட்கார்ந்த இடத்திலிருந்தே மேசையைக் குத்தினார். ஒரு கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட இல்லை.

விசில் ஊதியாகிவிட்டது. கூடம் காலியானது. மற்ற மேசைகளின் விரிப்பையெல்லாம் உருவி மடித்தாயிற்று. ஏழாம் நம்பரில் இருவரும் அப்படியே இருந்தார்கள். கிளைவ் நெற்றியில் வியர்வை.

“மூடற நேரமாச்சு ஸார்.”

“முதல்ல அவங்க எழுந்திருக்கட்டும்.”

“முதல்ல அவரு” என்றார் பவுலின்.

ஹெதருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “என்னதாங்க பிரச்சினை? ரெண்டு டீமுக்கும் சரிசமம், யாரும் தோக்கலை. இங்க சண்டைன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

பவுலின் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு எதிரே திரும்பினார். “நீயே சொல்லித் தொலை.”

கிளைவ் பெருமூச்சு விட்டார். “நாங்க பிரிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு கண்ணு. அடுத்த சனிக்கிழமை எங்க பொண்ணுக்குக் கல்யாணம். சர்ச்ல அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நானா, இவளான்னு சண்டை. ‘ஒரே மேசைல உட்கார்ந்து நீங்களே முடிவு பண்ணிக்குங்க’ன்னு அவதான் டிக்கெட் எடுத்துக் குடுத்தா. எங்க பந்தயம், முதல்ல எழுந்திருக்கறவங்க தோத்தாங்க.”

நிரப்பி நிரப்பி ஊற்றிய அத்தனை டீயும் எதற்கு என்று ஹெதருக்கு அப்போதுதான் புரிந்தது.

“உங்க பொண்ணுக்கு ரெண்டு கை இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டு அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கழிவறையைப் பார்த்து ஓடினார்கள்.