போஸ்டருக்கு ஒரு வாய்

வாய்ப்புற்றுநோயிலிருந்து மீண்ட பத்துப் பேருக்கு இலவசமாகப் பல் கட்டப்போவதாகப் பல் டாக்டர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. பத்துப் பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஒரு பக்கம் தாடை ஒடுங்கிய முகங்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மூஞ்சிகளைப் போஸ்டர்ல போட்டா எவன் உள்ளே வருவான்? கூப்பிடு நம்ம டிரைவரை!"

டிரைவருக்குப் பல் வரிசை பளிச்சென்று இருக்கும். அவரையே பயனாளியாக்கி நாற்காலியில் சாய்த்தார்கள்.

"முப்பத்திரண்டும் தெரிய இளி. பார்க்கிறவன் நான் கட்டின பல்லுன்னு நம்பணும்."

"சார், வாயை முழுசாத் திறக்க முடியல. எரியுது..."

"கேமராவைப் பார்த்தா எல்லாருக்கும் அப்படித்தான். திறய்யா!"

டிரைவர் கண்ணில் நீர் முட்டத் திறந்தார்.

"டாக்டர், நீங்க டார்ச் அடிச்சு உள்ளே பார்க்கிற மாதிரி ஒண்ணு எடுத்துடலாம்" என்றார் போட்டோகிராபர்.

பார்க்கிற மாதிரி குனிந்த டாக்டர், நிஜமாகவே பார்த்துவிட்டார். முகத்திலிருந்த சிரிப்பு செத்தது.

"கன்னத்துல இந்தப் புண்ணு... எத்தனை நாளாய்யா இருக்கு?"

"நாலு மாசமா, சார். வண்டியில தினம் சொன்னேனே. நீங்கதான் பின்சீட்டுல போனைப் பார்த்துக்கிட்டே, உப்புத்தண்ணியில கொப்பளின்னீங்க."