அவர் பேரில் மட்டும்

"செத்தும் கெடுத்தான்னு சொல்வாங்களே, அது இதுதான் தம்பி," என்றாள் தலைமை நர்ஸ்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரன் பையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கேன் அறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். இந்த ஆஸ்பத்திரிக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சுன்னு விவரமா சொல்லுங்க சிஸ்டர்."

"ஸ்கேன் எடுக்கலாம். படத்தைத் திறக்க முடியாது. அந்த சாஃப்ட்வேர் இங்க இருந்த ஆபரேட்டரோட லாகின்ல மட்டும்தான் வேலை செய்யும். அவர் செத்து மூணு நாள் ஆச்சு. எங்க லாகின்ல போய்ப் பார்த்தா, அப்படி ஒண்ணு இருக்கிற சுவடே இல்லை."

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா. அவரேதான் போட்டாரு. ஞாயித்துக்கிழமை கேஸ் வந்தாக்கூட அவரைத்தான் கூப்பிட்டனுப்பணும். நாங்க அவருக்குப் 'பூட்டு'ன்னே பேர் வச்சிருந்தோம். தன்னை விட்டா ஆள் இல்லைன்னு காட்டிக்கணும், அவ்வளவுதான். கடைசி நாலு மாசம் நிக்கக்கூட முடியலை. கீமோ ஏத்தின மறுநாளே சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து இதே நாற்காலியில உட்காருவாரு. சாவியை மட்டும் விடமாட்டாரு."

கம்ப்யூட்டர்காரன் உச்சுக்கொட்டினான்.

"நேத்து தலையில அடிபட்டு ஒருத்தர் வந்தாரு," என்றாள் நர்ஸ். குரல் இறங்கியிருந்தது. "ஸ்கேன் எடுத்தோம். படம் திறக்கலை. டாக்டர் என்ன பண்ணுவாரு? வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியிலேயே உயிர் போயிடுச்சு."

"இந்த மாதிரி ஆளுங்களை நிறைய பார்த்திருக்கேன் சிஸ்டர். அடுத்தவனுக்கு வழி விட்டா தன் நாற்காலி போயிடும்னு பயம். சரி, பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவர் சம்சாரம்தான் எடுத்தாங்க. 'இன்னுமா அவரை விடமாட்டீங்க?'ன்னு கேட்டுட்டு வச்சிட்டாங்க."

"போகட்டும். நானே மாத்திக்கிறேன்."

நிர்வாகி பாஸ்வேர்டு அவனிடம் இருந்தது. செத்தவரின் லாகினைத் திறந்தான். நினைத்தது சரிதான். சாஃப்ட்வேர் அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் இருந்தது. எல்லாருக்கும் சேர்த்துப் போட வேண்டுமென்றால் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும். அதைத் தலைமை அலுவலகம் யாருக்கும் தருவதில்லை.

"ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தா போட்டுக் கொடுத்திருப்போமே," என்று முணுமுணுத்துக்கொண்டே பழையதை எடுத்துவிட்டு, எல்லாருக்குமாகப் புதிதாய்ப் போட்டான்.

ஒன்பது நிமிஷம் ஆனது.

"இப்ப உங்க லாகின்ல பாருங்க."

நர்ஸ் குனிந்து தட்டினாள். திரையில் ஒரு மண்டையோட்டின் படம் விரிந்தது. ஓரமாக வெள்ளைத் திட்டாய் ரத்தக்கசிவு.

"நேத்து வந்தவரோடது," என்றாள். அதற்குமேல் பார்க்கவில்லை.

பழைய லாகினை அழிக்க வேண்டியதுதான் பாக்கி. அழிப்பதற்கு முன், முக்கியமாக ஏதும் விட்டுப்போகக் கூடாதே என்று கம்ப்யூட்டர்காரன் உள்ளே தேடினான். 'ஹெட் ஆபீசுக்கு' என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தான். நர்ஸும் எட்டிப் பார்த்தாள்.

முதல் கடிதம் இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

'ஐயா, இந்த சாஃப்ட்வேரை என்னால் என் பேரில் மட்டுமே போட முடிந்தது. உங்கள் பாஸ்வேர்டு இருந்தால் எல்லோருக்கும் போட்டுவிடலாம். பத்து நிமிட வேலை. யாரையாவது அனுப்புங்கள்.'

அடுத்தடுத்து இன்னும் நான்கு. ஐந்தாவதில், 'எனக்குப் புற்றுநோய் என்கிறார்கள். டாக்டர் படுக்கச் சொல்கிறார். நான் படுத்தால் இங்கே ஒரு படமும் திறக்காது' என்று இருந்தது.

ஆறாவது போன வாரம் எழுதியது. ஒரே வரி. 'நான் போன பிறகாவது ஆள் அனுப்புங்கள்.'

ஆறுக்கும் பதில் வந்திருந்தது. ஆறும் ஒரே பதில்: 'தற்போது தேவையில்லை. கோரிக்கை முடிக்கப்பட்டது.'



"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன்," என்றாள் நர்ஸ். பிறகு, "நாங்க எங்க கேட்டோம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தேவையில்லைன்னு ஆறு தடவை எழுதின அந்தப் புண்ணியவான் யாரு தம்பி? பேர் ஏதாவது போட்டிருக்கா?"

"பேர் போடமாட்டாங்க சிஸ்டர். வெறும் ஊழியர் நம்பர்தான். ஒரு நாளைக்கு நூறு கோரிக்கை வரும். யார் படிக்கிறாங்க? யாருன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்."

சொல்லிக்கொண்டே ஃபைலை மூடினான். அவள் பார்ப்பதற்குள், கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த அடையாள அட்டையை நம்பர் தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டான்.