பெட்டிக்குக் காது மந்தம்

"வி... ள... க்கு."

சொல்லி முடித்துவிட்டு அம்மா மூச்சு வாங்கினாள். அலமாரி மேலிருந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவில்லை. அறையும் இருட்டாகவே இருந்தது. மகள் திட்டத் தொடங்கும் நேரத்தில், ஆற அமர விளக்கு எரிந்தது.

"இவ்வளவு நேரமா? இதுக்குப் பேர் மைக்கா?" மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது கையும் காலும் வராது. நாக்கும் குழறும். வாயால் சொன்னாலே விளக்கு, ஃபேன், டிவி எல்லாம் ஓடும் என்று அந்தப் பெட்டியை வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பியதே மகள்தான். லீவு போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் லட்சணம் இது!

அதைவிடப் பெரிய எரிச்சல் அப்பா. ஹாலில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எந்நேரமும் போனும் கையுமாக. பெண் வந்திருக்கிறாளே என்று தலை நிமிர்ந்தால்தானே?

"அம்மாவை மிஷின்கிட்ட ஒப்படைச்சிட்டு நீங்க ஹாயா போன் பார்த்துட்டிருக்கீங்களாப்பா? அந்தப் பெட்டிக்குக் காது மந்தம்னுகூடவா தெரியல?"

"அது நல்லாத்தாம்மா வேலை செய்யுது."

"எது நல்லா? தொண்டைத் தண்ணி வத்த அம்மா கத்தணுமா?"

அறைக்குள்ளிருந்து அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரும்மா, உனக்கு எதுக்குக் கஷ்டம்? நான் பேசிக்கறேன்."

மத்தியானமே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள். அப்பா வாசலிலேயே அவரை மறித்தார்.

"வேண்டாங்க. இருக்கறபடியே இருக்கட்டும்."

"ஏம்ப்பா, அதைச் சரி பண்ணினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? ஒரு மனுஷனுக்கு இவ்வளவு அலட்சியம் ஆகாது!"

வந்தவர் எதிரில் வாங்கிக் கட்டிக்கொண்டும் அப்பா போனைக் கீழே வைக்கவில்லை.

மெக்கானிக் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஃபேன் காத்து நேரா படற இடத்துல வச்சிருக்கீங்க மேடம். அந்த இரைச்சல்ல அம்மா குரல் அமுங்கிடும். அவங்க பக்கத்துல வைக்கலாம். குரல் ரொம்பச் சன்னமா இருந்தா தனியா ஒரு மைக்கும் மாட்டிடலாம்."

"எத்தனை வேணா மாட்டுங்க. அம்மா முணுமுணுத்தாக்கூட அதுக்குக் கேக்கணும்."

அம்மா இடது கையைத் தூக்கி அழைத்தாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா!"

மெக்கானிக் பெட்டியின் வயரைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பார்ப்பதற்காக ஹாலுக்கு எடுத்து வந்தார். தூசியை ஊதிவிட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மேடம், மைக்கையே ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"அதெப்படி? காலையில விளக்கு எரிஞ்சுதே!"

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஃபே... ஃபேன்."

பெட்டி மெக்கானிக்கின் கையில் இருந்தது. வயர் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

இரண்டு பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கட்டைவிரல் போன் மேல் இருந்தது.

"மெதுவா பேசும்மா, உங்கம்மாவுக்குக் கேக்கப் போகுது," என்றார் அப்பா. "புதுசுல மைக்கைப் போட்டுத்தான் வச்சேன். அவ எதைச் சொன்னாலும் 'மன்னிக்கவும், புரியவில்லை'ன்னுது. ஒவ்வொரு தடவையும்! தேம்பித் தேம்பி அழுதா. அப்புறம் வாயே திறக்கல, என்கிட்டகூட. பேசப் பேசத்தான் நாக்கு திரும்பும்னு டாக்டர் சொல்றார். அதான் அந்தச் சனியன் வாயை அடைச்சேன். அவ சொல்றது எனக்குக் கொஞ்சம் யோசிச்சாப் புரியும், போன்லேருந்து நானே போட்டுவிடறேன். அதான் லேட்டாகுது. மிஷினே புரிஞ்சுக்குதுங்கற தெம்புல பேசறா. கெடுத்துடாதே."

மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காலையிலிருந்து பேசிய பேச்செல்லாம் நெஞ்சில் உறுத்தியது.

அப்பா மெக்கானிக்கை வழியனுப்பப் போனார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. பெட்டி வெளியே போனதை அம்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்?

"ஏம்மா, பெட்டிதான் இங்க இல்லையே. யார்கிட்ட ஃபேன் போடச் சொன்னே?"

வந்ததிலிருந்து முதல் தடவையாக, குறுக்கே பேசாமல் அம்மாவின் வாயருகே குனிந்து காத்திருந்தாள்.

"எனக்குத்... தெரியும். அப்பாகிட்ட... சொல்லிடாதே." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "கல்யாணமானதுலேருந்து... இப்பத்தான்... நான் சொல்றதைக் காதுல வாங்கறார்."