இடது கண்

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பேன். கட்டன்சாயா போட்டுக் குடிப்பேன். பிறகு மேசைமேல் இருக்கும் களிமண் தலையின் பாலித்தீன் உறையை அவிழ்ப்பேன்.

தேங்காய் அளவு இருக்கும். சுற்றியிருக்கும் துணியை எடுத்து நனைத்து, பிழிந்து, மறுபடி சுற்றுவேன். காய விட்டால் வெடித்துவிடும்.

பத்து மாதமாக இதுதான். பிறகு குளிப்பேன்.

பிரீனா பிடித்த தலை. கல்லூரியில் என் வகுப்பு, பிறகு என் மனைவி. கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகளைச் செய்து விற்றோம். அவள் முகம் பிடிப்பாள். நான் அச்சு எடுப்பேன். இது மாதாவுக்கு என்று பிடித்த முகம். காய்ச்சலோடு பிடித்தாள். அன்று சாயங்காலம் ஆட்டோவில் தூக்கி வைக்கும்போது அவளுக்கு நினைவு இல்லை. மறுநாள் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

அதற்குப் பிறகு இந்தத் தலையைப் பார்க்க வராத ஆள் இல்லை. வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சித்தி மெழுகுதிரி ஏற்றி வைத்தாள். அந்தச் சூட்டில் காது காய்ந்து வெடித்தது. காதை ஒட்டினேன். மெழுகுதிரியைக் குப்பையில் போட்டேன்.

இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது மாதாவின் வியாகுலம் என்றார் பங்குச்சாமியார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் சொன்னார். சனங்கள் அழுதார்கள்.

இன்று மாமியாரும் மச்சினன் ஜெபிஷும் வந்திருந்தார்கள். தலைக்கு அச்சு எடுக்க வேண்டுமாம். ஆண்டு நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மாதா பொம்மை கொடுக்கப் போகிறார்களாம்.

ஜெபிஷ் சவூதியில் தமாமிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அக்காள் சாகும்போது அங்கேதான் இருந்தான். ஆனாலும் அவள் கடைசியாகச் சொன்னது அவனுக்குத்தான் தெரியும். 'மாதாவே, உம்ம முகத்தை முடிச்சிட்டேன், என்னைக் கூப்பிட்டுக்கிடும்.' இதை ரோஜாப்பூப் படத்தோடு பங்குக் கோயில் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். குழு முழுக்கக் கைகூப்பியிருந்தது.

“நம்ம பிள்ளைக்க மொகம் அப்பிடியே இருக்கு, பாத்தியா மக்கா” என்றார் மாமியார் அவனிடம்.

இல்லை. பிரீனாவுக்குச் சப்பை மூக்கு.

அச்சு எடுத்தால் மண் தலை மிஞ்சாது. மேலே பூசி இறுகிய பிளாஸ்டருக்குள்ளிருந்து அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அவர்களுக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை. நான் சொல்லவில்லை. மூக்கோரம் பூஞ்சை பிடித்திருப்பதையும், நனைத்து நனைத்து ஒரு கன்னம் கூழாகத் தொடங்கியிருப்பதையும் சொல்லவில்லை.

காதிலிருந்து காதுவரை தகரத் துண்டுகளை வரிசையாகச் செருகினேன். முன்பக்கம் ஓர் அச்சு, பின்பக்கம் ஓர் அச்சு. பிளாஸ்டரைத் தயிர் பதத்துக்குக் கரைத்து முதலில் கண்களில் பூசினேன். பிறகு முழுவதையும் மூடினேன்.

ஜெபிஷ் வீடியோ எடுத்தபடி அழுதான். பிறகு போனைத் தன் முகத்துக்குத் திருப்பி, இன்னும் கொஞ்சம் அழுதான்.

மாமியார் பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடா இருக்கே மக்களே. பிள்ளைக்கு மேலு சுடுது.”

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். பி.எஸ்சி. வேதியியல், முதல் வருடம். அதைப் படிக்கும்போது பிரீனா முன்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நானும் கை வைத்தேன். ஆறும்வரை எடுக்கவில்லை.

பிறகு உளியை வைத்துத் தட்டி அச்சைப் பிரித்தேன். கழுத்துப் பக்கமாக விரலை விட்டு மண்ணைத் தோண்டினேன். தாடை வந்தது. கன்னம் வந்தது. மண் ஊறவைக்கும் வாளியில் போட்டேன்.

“அத்தான், என்ன செய்யிய? அது அக்காக்க கை பட்டதில்லா?”

“அச்சு வேணும்னா மண்ணு போவும்.”

இன்று நான் முதலில் வாய் திறந்தது அப்போதுதான்.

மாமியார் வாளியைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் அச்சைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தேன். உள்ளே குழிந்த முகம். ஜெபிஷ் இந்தப் பக்கம் நடந்தான். அந்தப் பக்கம் நடந்தான். அவன் கையிலிருந்த போன் தாழ்ந்தது.

“எம்மா, மாதா திரும்பி என்னையே பாக்காவ.”

மாமியார் தரையில் முட்டுக்குத்திக் கும்பிட்டார்.

குழிந்த முகம் எதுவானாலும் அப்படித்தான். நாம் போகிற பக்கமெல்லாம் திரும்புவதுபோலத் தெரியும். குடிலுக்காக நான் எடுத்த கழுதை அச்சு பின்னால் அலமாரியில் இருக்கிறது. அதுவும் திரும்பும். அதன் முன்னால் இதுவரை யாரும் முட்டுக்குத்தியதில்லை.

அச்சு நன்றாகக் காய வேண்டும், பிறகு வாருங்கள் என்றேன். கேட்கவில்லை. மாமியார் அதைக் குழந்தையைப் போலத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். ஜெபிஷ் மட்டும் வாசலில் திரும்பி நின்றான்.

“அத்தான், பொம்மைக்க அடியில அக்கா கடைசியா சொன்னத எழுதிரட்டா?”

எழுது என்றேன்.

கார் போனபின் வாளியில் தண்ணீர் ஊற்றினேன். மண்ணைப் பிசைந்தேன். கட்டி இல்லாமல் ஆகும்வரை பிசைந்தேன். துணியை அலசிக் கொடியில் காயப் போட்டேன்.

அந்தக் காய்ச்சல் நாளின் மத்தியானம், பாயில் படுத்தபடி மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் சொன்னது இதுதான்:

“ஏலே, இடது கண்ணு எறங்கிட்டு, பாத்தியா. நல்லால்ல. வாளியில போட்டிரு. நாளைக்கு வேற பிடிச்சித் தாரேன்.”