கடைசி வரிசைக் குரல்

“காப்பாத்துங்க! யாராவது வாங்களேன்!”

தண்ணீருக்கு மேலே தலையும் ஒரு கையும் மட்டும் தெரிய, கணவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். விளிம்பில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்த மனைவி தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: “இது போதாது. இன்னும் கொஞ்சம் சாகற மாதிரி கத்துங்க.”

கொலைகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அது கடல் ஆய்வு மையத்தின் சோதனைத் தொட்டி, ஆழம் கழுத்தளவு. அவள் இயற்பியல் ஆராய்ச்சியாளர். சத்தம் பட்டால் துளி மின்சாரம் தரும் படலம் ஒன்றை, வெங்காயச் சருகு கனத்தில், ஏழு வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். அதைப் பொருத்திய மிதவைகளைக் கடலில் விட்டால், படகு கவிழ்ந்து தத்தளிப்பவரின் கூக்குரலைப் பிடித்துக் கரையில் மணி அடிக்கும்.

அலை இரைச்சலுக்கு நடுவே மனிதக் குரல் எது என்று கருவிக்குப் பழக்க வேண்டுமே? அதற்குத்தான் கணவன். அவன் நாடக ஆராய்ச்சியாளன். மைக் இல்லாத காலத்தில் நடிகனின் அழுகை கடைசி வரிசைவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அவன் ஆய்வுத் தலைப்பு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்று மையமே சிரித்தது. அவன் அதைச் சட்டை செய்யாமல் இரண்டு மாதம் தொட்டியில் ஊறி, நானூறு விதமாகக் கத்தினான்.

கருவி பாடம் படித்த பிறகு தொல்லை வேறு மாதிரி வந்தது. அவன் நடைபாதையில் தும்மினால்கூட மணி அடித்தது. யாருக்கும் வேலை ஓடவில்லை.

“உங்க குரல் வந்தா மட்டும் மணி அடிக்காதேன்னு மெஷின்ல எழுதி வெச்சுட்டேன்” என்றாள் ஒருநாள்.

“கட்டின பொண்டாட்டிதான் நான் சொல்றதைக் காதுல வாங்கறதில்லை. இப்ப உன் மெஷினுமா?”

“கடல்ல இறக்கும்போது எடுத்துடறேன். முதல்ல தலையைத் துவட்டுங்க. தொண்டை கட்டிக்கிட்டா நாளைக்கு யார் கத்தறது?”

மிதவைகள் ஆறும் கடலில் இறங்கின. அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரே கவலைதான்: உப்புத் தண்ணீர் படலத்தை அரித்துவிடுமோ? சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. அரித்துவிட்டால் ஏழு வருட உழைப்பும் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஏழாம் நாள் காலை, மிதவைகளில் படிந்த பாசியைத் துடைக்க ஆள் போதவில்லை. “நான் போறேன், தண்ணி எனக்குப் பழகிடுச்சு” என்று கணவன் படகோட்டியோடு கிளம்பினான். பத்து மணிக்கு யாரும் எதிர்பாராத காற்று கிளம்பியது. பத்தரைக்குப் படகிலிருந்து தகவல் வருவது நின்றது.

அவள் கட்டுப்பாட்டு அறையில் மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்றுக்கு மணி அடித்தது. மூன்றாவது மிதவை! மீட்புப் படகு விரைந்து போய், நினைவு தப்பும் நிலையில் மிதந்த படகோட்டியைத் தூக்கியது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். படலம் பிழைத்துவிட்டது, அடுத்த மணி தன் கணவனுக்குத்தான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

மணி அடிக்கவில்லை. பன்னிரண்டானது, இரண்டானது, நான்கானது. மீட்புக் குழுத் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“அலை ரொம்ப மோசமாயிடுச்சு, மேடம். தேடற ரெண்டு படகுலயும் சேர்த்து எட்டு பேர் இருக்காங்க, எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. சார் உயிரோட இருந்தா கத்தாம இருப்பாரா? உங்க மெஷின் என்ன சொல்லுது?”

இன்னும் தேடுங்கள் என்று அவர் காலில் விழத் தோன்றியது அவளுக்கு. ஆனால் படகோட்டியின் நைந்த குரலையே பிடித்த படலம், நானூறு விதமாகக் கத்தத் தெரிந்தவனின் குரலைத் தவறவிடுமா? தன் படலத்தைத் தானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

“அஞ்சு மணி நேரமா ஒரு சத்தமும் இல்ல” என்றாள். “படகுகளைத் திரும்பி வரச் சொல்லிடுங்க.”

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். யாராலும் தேற்ற முடியவில்லை. இரவெல்லாம் காற்று அடங்கவே இல்லை.

மறுநாள் காலை மருத்துவமனையில் படகோட்டி கண் விழித்துவிட்டதாகச் சொன்னார்கள். வீங்கிய கண்களோடு போனாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார முயன்றார்.

“சார் மகராசன், அம்மா! அலை எங்களைப் பிரிச்சுப் போட்டுடுச்சு. எனக்குப் பயத்துல தொண்டையே எழும்பல. ‘வயித்துலேருந்து கத்துப்பா, கடைசி வரிசைக்குக் கேக்கணும்’னு தூரத்துலேருந்தே சொல்லிக் குடுத்தார். அப்புறம்தான் எனக்குக் குரலே வந்துச்சு. சார் எந்த வார்டுல இருக்கார்?”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் கிடைக்கலைங்க. உங்க குரலுக்கு மணி அடிச்சுது. அவர் குரல் ஒரு தடவைகூட வரல.”

படகோட்டி அவளை நம்பாமல் பார்த்தார்.

“என்னம்மா சொல்றீங்க? என்னைவிட அவர்தானே சத்தமாக் கத்திட்டிருந்தார்!”