அலை இல்லாத கிற்றார்

"கையை விட்டவுடனை அது தன்ரை பாட்டிலை எப்பிடித் திரும்பி வருது, மாமா?"

கௌசலா ஒருநாள் இப்படிக் கேட்டாள். வின்சனின் எலெக்ரிக் கிற்றாரில் கம்பிகளைத் தாங்குகிற இரும்புத் தகட்டை பிரிட்ஜ் என்பார்கள். அதிலே ஒரு கைபிடி நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் ஓசை தாழும். விட்டால் தானாக ஏறி வரும். கேட்பவர்களுக்கு அது கடல் அலை போலவே இருக்கும்.

வின்சன் கைபிடியை இன்னொரு தரம் அழுத்தி விட்டுப் பார்த்தான். பிள்ளையின் வலது சப்பாத்து மணலில் சர்... சர்... என்று உரசிக்கொண்டு போன சத்தம் வேலிக்கு அப்பால் ஓயும்வரை அப்படியே இருந்தான்.

கௌசலாவின் தகப்பன் அப்புத்துரை முத்தையன்கட்டில் வயல் செய்கிறவர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வெறுங்கையோடு இடம்பெயர்ந்து வந்த வின்சனுக்கும் அவன் மனைவி புனிதமலருக்கும் தன் காணியிலேயே கொட்டில் போட்டுக் கொடுத்தவர். நன்றி என்று வாயெடுத்தால் போதும், "உந்தக் கதையை விடு, வின்சன்" என்று எழும்பிப் போய்விடுவார்.

அந்தோனியார் திருநாளுக்கு முதல் கிழமை, கிற்றார் மேசையில் குப்புறக் கிடந்தது. பின்மூடி கழற்றியிருந்தது. உள்ளே பிரிட்ஜை இழுத்துப் பிடித்திருந்த நாலு ஸ்பிறிங்குகளையும் வின்சன் குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, நல்லாயிருந்த சாமானை ஏன் நோண்டுறியள்?" புனிதமலர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரு கம்பி அறுந்தால் மற்றதெல்லாம் சுதி குழம்புது. உந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை புதுக்கம்பிக்கு எங்கை போறது? கட்டை வைச்சு இறுக்கினால் கரைச்சல் இல்லை."

பாலை மரத்துண்டு ஒன்றைச் சீவிச் சீவி, பிரிட்ஜ் அசையாதபடி உள்ளே செருகினான்.

"அப்ப அலை?"

"அலை கடலிலை இருக்கட்டும்."

கரையை விட்டு வந்த பிறகு அந்த ஒரு சத்தம்தான் அவர்களோடு மிஞ்சியிருந்தது.

சைக்கிள் மணி கேட்டது. பாடகர் குழுவை நடத்துகிற ஸ்ரனிஸ்லஸ் வாத்தியார் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கிற்றாரைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"என்னடாப்பா, கோழி உரிக்கிற மாதிரி உரிச்சு வைச்சிருக்கிறாய்?"

"கட்டை வைச்சிட்டன், வாத்தியார். இனி அசையாது."

"அசையாதோ? சனம் உன்ரை அலையைக் கேக்கத்தானே வருது! சரி, நான் டைனமோவை விட்டு விட்டு மிதிக்கிறன், அலை தன்ரை பாட்டிலை வரும்!"

புனிதமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வன்னியில் மின்சாரம் ஏது? கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவில் ஒரு பழைய ரேடியோவை ஓடவிட்டு, அதற்குள்ளால்தான் கோயிலில் கிற்றார் பாடும்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "பகிடி இல்லை, வின்சன். பழையபடி பூட்டு. இல்லையெண்டால் வருகைப் பாட்டு இந்தமுறை ஆர்மோனியத்துக்குத்தான்."

வருகைப் பாட்டு! பூசை தொடங்கும்போது பாடுகிற அந்தப் பாட்டுக்காகவே வருசம் முழுக்கப் பழகியவன் வின்சன். அவன் முகம் விழுந்ததை அவள் கண்டாள். ஆனால் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"சரி, வாத்தியார்."

திருநாளன்று காலை, அவன் காற்சட்டையை வலைநூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயோ, பெல்ற் எங்கை?"

"மெலிஞ்சிட்டன். ஓட்டை காணாது."

"கோயிலுக்குப் போற கோலமே இது! அந்தோனியார் பாத்துச் சிரிக்கப் போறார்."

"சிரிக்கட்டும். பாவம், அவருக்கும் ஆர் பகிடி சொல்லுகினம்?"

கோயிலில் வருகைப் பாட்டை ஆர்மோனியம் எடுத்தது. வின்சன் பின்வரிசையில் நின்று, அலையே இல்லாத கிற்றாரை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். "வின்சனுக்குக் கை விட்டுப்போச்சு" என்று யாரோ குசுகுசுத்தது புனிதமலர் காதில் விழுந்தது. தாங்க முடியாமல் முக்காட்டை இழுத்துவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தேத்தண்ணியை டக்கென்று மேசையில் வைத்தாள்.

"வின்சன்! புனிதம்!" படலையடியில் அப்புத்துரையின் குரல் உடைந்து கேட்டது. "ஒருக்கா வந்து பாருங்கோ!"

கௌசலா தகப்பனை முந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பிள்ளை வந்த சத்தமே கேட்கவில்லையே என்று புனிதமலர் திகைத்தாள். அந்தச் சர்... சர்... எங்கே?

"ராத்திரிப் படியிலை கழட்டி விட்ட சப்பாத்து," அப்புத்துரை கண்ணைத் துடைத்தார். "விடியப் பாத்தால் இப்பிடி இருக்கு. ஆஸ்பத்திரி ஆக்களெண்டால் சொல்லியெல்லோ தருவினம்? ஆர் செய்ததெண்டே தெரியேல்லை, தம்பி."

"ஆரோ செய்திருக்கினம், அண்ணை. பிள்ளை நடந்தால் காணுந்தானே." வின்சன் தேத்தண்ணிக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"மாமி, பாருங்கோ! கால் தன்ரை பாட்டிலை திரும்பி வருது!"

புனிதமலர் குனிந்து பார்த்தாள்: பரந்தன் சந்தியில் ஷெல் துண்டு பட்ட நாள் முதல் தொங்கி மண்ணை உரசிய அந்த வலது பாதத்தை, முழங்காலுக்குக் கீழே வலைநூலால் தைத்துச் சுற்றிய தோல்பட்டியிலிருந்து இரண்டு ஸ்பிறிங்குகள் மேலே தூக்கிப் பிடித்திருந்தன. அப்புத்துரை மகளின் நடையிலிருந்து கண்ணை எடுக்குமுன், மேசையில் மிஞ்சிக் கிடந்த மற்ற இரண்டையும் அவள் மெல்லச் சேலைத் தலைப்புக்குள் எடுத்து மறைத்துக்கொண்டாள்.