பெட்டிக்கு ஒரு முகம்

காலை பத்து மணி. மேலே, பல்பொருள் அங்காடியின் வாசலில் பணியாளர்கள் வரிசையாக நின்று, முதல் வாடிக்கையாளர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கீழே, உணவுத் தளத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில், நிஷியோ கேக்கை வெட்டினாள். அரிசி மாவு, சோயா க்ரீம், ஸ்ட்ராபெர்ரி. பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை.

கொள்முதல் அதிகாரி குராஹாஷி இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஏமாந்திருப்பேன், நிஷியோ சான்."

இந்தக் கிறிஸ்துமஸுக்கு இங்கே ஒரு கவுன்டர் கிடைத்தால் அவள் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் மார்ச்சில் காலி செய்வதாகக் கட்டட உரிமையாளரிடம் சொல்லியாகிவிட்டது.

"பாதிப் பேருக்குப் பால் வயித்துக்கு ஒத்துக்காது. கொஞ்சம் பேரு இளைக்கணும்னு வாங்கறாங்க. இப்பல்லாம் மாட்டுக்காகப் பாவப்படறவங்களும் வர்றாங்க" என்றார் குராஹாஷி. "ஆனா அதைப் பெட்டி மேல போட்டா யாரு படிப்பா? முகம் வேணும். பக்கத்துக் கடையில கீரைக்கட்டுலகூட விவசாயி சிரிக்கிறாரு."

தன் படத்தைப் போடலாமே என்றாள்.

"உங்க முகத்தைப் பார்த்தா கேக் வாங்க மாட்டாங்க. இன்ஷூரன்ஸ் எடுப்பாங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், வேண்டிய அளவுக்கு.

இரண்டு ஆண்டுக்கு முன் உணவுக் கண்காட்சியில் அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை. மகளுக்குப் பால் நாக்கில் பட்டாலே மூச்சடைக்கும். அவளுக்காகத் தொடங்கிய கடை.

"உங்க பொண்ணைப் போடுவோம்."

நிஷியோ கைப்பேசியில் பல ஆண்டுப் படங்களைத் தாண்டிப் பின்னால் போய், ஒன்றை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூடத்து மஞ்சள் தொப்பி. முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

"இதுதான். இதுக்கே வித்துடும்."

பெட்டியின் மாதிரித் தாளில் அவர் பெயரை எழுதினார். சுமிரே. பெயருக்குப் பக்கத்தில் வயதும் வர வேண்டும்.

"என்ன வயசு?"

"ஏழு."

கத்தியில் ஒட்டியிருந்த க்ரீமை அவள் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

குராஹாஷியின் பேனா நின்றது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் ஏழுன்னுதானே சொன்னீங்க?"